'ஒரு வியூ' என்றால் என்ன? ஆன்லைனில் நம் ஈடுபாட்டை யார், எப்படி அளக்கிறார்கள்?

பெரிய நடிகரின் பட டிரெய்லர் மாலை 6 மணிக்கு வெளியாகிறது. மறுநாள் மாலைக்குள் '24 மணி நேரத்தில் இத்தனை கோடி வியூஸ்' என்று போஸ்டர் வந்துவிடும். எதிர்த்தரப்பு ரசிகர்கள் 'அதெல்லாம் போட் வியூஸ்' என்பார்கள். இவர்கள் 'உங்க தலைவர் படத்துக்கு லைக்ஸ் எத்தனை, சொல்லுங்க' என்பார்கள். சண்டை இரண்டு நாள் ஓடும்.

இந்தச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ஒரு வியூ என்றால் என்ன? எத்தனை விநாடி பார்த்தால் அது ஒன்று என்று எண்ணப்படும்? அதை முடிவு செய்வது யார்?

சினிமா ரசிகர்களோடு முடிகிற விஷயம் இல்லை இது. யூடியூபில் சமையல் வீடியோ போடுபவருக்குக் கிடைக்கும் பணம், கடைக்காரர் இன்ஸ்டாகிராமில் செலவழிக்கும் விளம்பரக் காசு, நம் ஃபோனில் அடுத்து வரப்போகும் வீடியோ, அரசு கொண்டுவரும் விதிகள் என எல்லாமே இந்த 'ஈடுபாட்டு' எண்களை நம்பித்தான் நடக்கின்றன. அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்று பார்க்கலாம்.

கல்யாண மண்டபக் கணக்கு

ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று பல விதமாகக் கணக்கெடுக்கலாம். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணலாம். பந்தியில் விழுந்த இலையை எண்ணலாம். மொய்க் கவரை எண்ணலாம். மூன்றுமே பொய் இல்லை, ஆனால் நான்காவதாக, கடைசி வரை இருந்து மணமக்களோடு பேசிவிட்டுப் போனவர்களை எண்ணினால் வரும் எண் வேறாக இருக்கும். ஒவ்வொரு கணக்கும் ஒவ்வொரு விஷயத்தைச் சொல்கிறது.

ஆன்லைன் நிறுவனங்களின் கணக்கும் இதே போலத்தான். பொதுவாக நான்கு வகை உண்டு.

முதலாவது, 'ரீச்'. ஒரு பதிவு எத்தனை பேரின் திரையில் வந்தது என்பது. இது வாசல் செருப்புக் கணக்கு.

இரண்டாவது, நேரம். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், எத்தனை நிமிடம் ஆப்பில் இருந்தார்கள் என்பது.

மூன்றாவது, செயல்பாடு. லைக், கமெண்ட், ஷேர், சேவ் ஆகியவற்றைக் கூட்டுவது. இதைத்தான் பெரும்பாலும் 'என்கேஜ்மென்ட்' என்கிறார்கள்.

நான்காவது, திரும்ப வருவது. ஒரு மாதத்தில் ஆப்பைத் திறந்தவர்களில் சராசரியாக ஒரு நாளில் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். மாதத்துக்கு 100 பேர், நாளுக்கு 50 பேர் என்றால் விகிதம் 50 சதவீதம். அதாவது சராசரிப் பயனாளர் மாதத்தில் 15 நாள் வருகிறார் என்று அர்த்தம். ஒரு ஆப் எவ்வளவு 'ஒட்டிக்கொள்கிறது' என்பதை முதலீட்டாளர்கள் இந்த எண்ணை வைத்துத்தான் கணிக்கிறார்கள்.

தமிழில் 'என்கேஜ்மென்ட்' என்பதை ஈடுபாடு என்று எழுதுகிறோம். ஆனால் ஈடுபாடு என்றால் மனம் ஒன்றிச் செய்வது. மேலே உள்ள நான்கில் எதுவும் மனதை அளக்கவில்லை. விரல் என்ன செய்தது, திரை எவ்வளவு நேரம் எரிந்தது என்பதை மட்டுமே அளக்கின்றன. பிரச்சினை தொடங்குவதும் இங்கேதான்.

இந்தியாவில் இணையம் பயன்படுத்துபவர்கள் 100 கோடியா, 88 கோடியா?

ஈடுபாட்டை விடுங்கள். எத்தனை பேர் இணையம் பயன்படுத்துகிறார்கள் என்ற அடிப்படைக் கேள்விக்கே ஒரே பதில் இல்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தரும் கணக்கின்படி, 2025 ஜூன் முடிவில் நாட்டின் இணையச் சந்தாக்களின் எண்ணிக்கை 100 கோடியைத் தாண்டியது. இது இணைப்புகளின் கணக்கு. இரண்டு சிம் வைத்திருப்பவர் இதில் இரண்டு முறை வரலாம். அப்பாவின் பெயரில் உள்ள ஒரே ஃபோனில் நாலு பேர் படம் பார்க்கும் வீடு, ஒன்றாக மட்டுமே வரும்.

இணைய நிறுவனங்களின் சங்கமான ஐஏஎம்ஏஐ, காண்டார் நிறுவனத்துடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையோ 2024-ல் 88.6 கோடி 'ஆக்டிவ்' பயனாளர்கள் இருப்பதாகச் சொன்னது. இங்கே எண்ணப்படுவது ஆட்கள். கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தால் அவர் ஆக்டிவ். இவர்களில் 48.8 கோடி பேர், அதாவது பாதிக்கும் மேல், கிராமப்புறத்தினர்.

ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இன்னொரு அளவுகோலை வைத்திருக்கிறது. கடந்த 3 மாதத்தில் எங்கிருந்தாவது இணையம் பயன்படுத்தியிருந்தால் போதும். நம் நாட்டின் தேசிய குடும்ப நல ஆய்வு, 2019-21 சுற்றில், 'எப்போதாவது இணையம் பயன்படுத்தியிருக்கிறீர்களா?' என்று கேட்டது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 33.3 சதவீதமும் ஆண்களில் 57.1 சதவீதமும் 'ஆம்' என்றனர்.

வாழ்நாளில் ஒரு தடவை, 3 மாதத்தில் ஒரு தடவை, மாதத்தில் ஒரு தடவை, ஒரு சிம் கார்டு. நான்கு படி, நான்கு அளவு. எந்தப் படியால் அளந்தது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தூக்கிப்பிடித்தால், அதற்கு அர்த்தமே இல்லை.

அதிலும் தேசிய ஆய்வு காட்டிய ஆண்-பெண் இடைவெளியைச் சந்தாக் கணக்கு காட்டவே காட்டாது. சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் ஃபோன் யார் கையில் இருக்கிறது என்பதும் நம் வீடுகளில் ஒன்றல்ல.

யூடியூப் ஏன் வியூஸை விட்டு நிமிடத்துக்கு மாறியது?

தொடக்கத்தில் யூடியூபில் எல்லாமே வியூஸ்தான். எதை அதிகம் பேர் கிளிக் செய்கிறார்களோ, அதைத்தான் அது மற்றவர்களுக்கும் காட்டியது. விளைவு என்ன? உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, முகப்புப் படமும் தலைப்பும் மட்டும் கிளிக் செய்ய வைத்தால் போதும் என்று வீடியோக்கள் குவிந்தன. 'அதிர்ச்சித் தகவல்' என்று போட்டு உள்ளே போனால் ஏமாற்றம்.

2012-ல் யூடியூப் அளவுகோலை மாற்றியது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை விட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை. அதே ஆண்டில் நிறுவனத்துக்குள் ஓர் இலக்கும் வைக்கப்பட்டது. உலகம் முழுக்க மக்கள் ஒரு நாளைக்கு 100 கோடி மணி நேரம் யூடியூப் பார்க்க வேண்டும். 2016-ல் அந்த இலக்கு எட்டப்பட்டது. 2017 பிப்ரவரியில் அதை வெளிப்படையாக அறிவித்தார்கள்.

கிளிக் மோசடி குறைந்தது உண்மை. ஆனால் புதிய பிரச்சினை ஒன்று வந்தது. நேரம்தான் காசு என்றானதும், 3 நிமிடத்தில் சொல்ல வேண்டியதை 12 நிமிடத்துக்கு இழுக்கத் தொடங்கினார்கள். 'வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி...' என்று ஆரம்பிக்கும் நீண்ட முன்னுரைகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு: குட்ஹார்ட் விதி. பிரிட்டன் பொருளாதார நிபுணர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கை பற்றிப் பேசும்போது முன்வைத்த கருத்து இது. சுருக்கமாக, எதை அளந்து பரிசு தருகிறீர்களோ, மக்கள் அந்த எண்ணைக் கூட்டும் வழியைத்தான் தேடுவார்கள். எண் எதற்காக வைக்கப்பட்டதோ அது பின்னால் போய்விடும். மார்க்குக்காக மட்டும் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

நேரம் மட்டும் போதாது என்பதை யூடியூபும் பிறகு ஒப்புக்கொண்டது. இப்போது 'இந்த வீடியோ எப்படி இருந்தது?' என்று பயனாளர்களிடம் கேட்டு, 5-க்கு 4 அல்லது 5 ஸ்டார் வாங்கியவற்றைப் பயனுள்ள நேரமாகக் கருதுவதாக அந்த நிறுவனம் 2021-ல் விளக்கியது.

ஷார்ட்ஸ் வியூஸ் திடீரென்று கூடியது ஏன்?

2025 மார்ச் 31-ம் தேதிக்குப் பிறகு, ஷார்ட்ஸ் போடும் பலருக்கு வியூஸ் எண்ணிக்கை எகிறியது. வீடியோ நன்றாக ஓடியதால் மட்டுமல்ல. எண்ணும் முறையே மாறியிருந்தது. அன்று முதல் ஒரு ஷார்ட் ஓடத் தொடங்கினாலோ, மறுபடியும் ஓடினாலோ ஒரு வியூ. குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. விரலால் தள்ளிவிட்டுப் போகும் நேரத்தில் ஓடினாலும் கணக்கில் வந்துவிடும்.

ஆனால் பழைய கணக்கை யூடியூப் தூக்கிப்போடவில்லை. அதற்கு 'என்கேஜ்டு வியூஸ்' என்று பெயர் வைத்து உள்ளே வைத்திருக்கிறது. ஷார்ட்ஸுக்கான பணம் அந்தக் கணக்கின்படிதான் தரப்படுகிறது. அதாவது ஊருக்குக் காட்டும் எண் ஒன்று, காசு எண்ணும்போது பார்க்கும் எண் வேறு. 10 லட்சம் வியூஸ் போன வீடியோவுக்கு ஏன் இவ்வளவு குறைவாகப் பணம் வந்தது என்று குழம்பும் புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

வழக்கமான வீடியோக்களுக்கும் அளவுகோல் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால் 60,000 வியூஸ் தேவை. 2 நிமிடம்தான் பார்க்கிறார்கள் என்றால் அதே வாசலைத் தொட 1,20,000 வியூஸ். வீட்டில் இருந்தபடி சேனல் நடத்தும் ஒருவருக்கு, 'எத்தனை பேர்' என்பதை விட 'எவ்வளவு நேரம்' என்பது ஏன் முக்கியம் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஃபேஸ்புக் செய்த வகுத்தல் பிழை

எண்ணும் நிறுவனமே தவறாக எண்ணினால்? அதுவும் நடந்திருக்கிறது.

2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒரு தவறை ஒப்புக்கொண்டது. மக்கள் வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குக் காட்டிய எண், 60 முதல் 80 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. சுமார் 2 ஆண்டுகள் இந்தத் தவறு நீடித்தது.

என்ன தவறு? எளிய உதாரணம். 10 பேர் திரையில் ஒரு வீடியோ ஓடுகிறது. 4 பேர் 1 விநாடியில் தள்ளிவிட்டார்கள். 6 பேர் 20 விநாடி பார்த்தார்கள். மொத்தம் 124 விநாடி. 10 பேரால் வகுத்தால் சராசரி 12.4 விநாடி. ஆனால் ஃபேஸ்புக், 3 விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை ஆட்களாகவே எண்ணவில்லை. 124-ஐ 6 ஆல் வகுத்தது. சராசரி 20 விநாடிக்கு மேல் போய்விட்டது. தள்ளிவிட்டுப் போனவர்களை மறந்துவிட்டு, நின்றவர்களை மட்டும் வைத்து 'எல்லோரும் நின்றார்கள்' என்று சொன்னதுபோல.

விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கில் 2019-ல் 4 கோடி டாலர் தர ஃபேஸ்புக் சம்மதித்தது. ஆனால் காசு மட்டும் பாதிப்பு இல்லை. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் பல செய்தி நிறுவனங்கள் 'இனி எல்லாம் வீடியோதான்' என்று முடிவெடுத்து, எழுதும் செய்தியாளர்களை வேலையிலிருந்து எடுத்தன. அந்த முடிவுகளுக்கு இந்த ஒரு எண்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மக்கள் வீடியோவைத்தான் விரும்புகிறார்கள் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அந்த நம்பிக்கைக்கு ஊதிப் பெரிதான எண்ணும் துணை நின்றது.

கோபத்துக்கு 5 மதிப்பெண்

2018 ஜனவரியில் மார்க் ஸக்கர்பெர்க் இன்னொரு மாற்றத்தை அறிவித்தார். மக்கள் சும்மா ஸ்க்ரோல் செய்வதை விட, நண்பர்களோடும் குடும்பத்தோடும் பேசிக்கொள்ள வேண்டும். அதற்கேற்ப ஃபேஸ்புக் மாறும் என்றார். வைரல் வீடியோக்களைக் குறைத்ததால் மக்கள் ஃபேஸ்புக்கில் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி மணி நேரம் குறைந்தது என்றும் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் 'அர்த்தமுள்ள உரையாடல்' என்பதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? மதிப்பெண் போட்டார்கள். முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொண்டு வந்த உள் ஆவணங்களை வைத்து 2021-ல் அமெரிக்க நாளிதழ்கள் இதை எழுதின. அதன்படி ஒரு லைக்குக்கு 1 மதிப்பெண். எமோஜி போட்டாலோ, அப்படியே பகிர்ந்தாலோ 5. நீண்ட கமெண்ட் எழுதினால் 30.

அடுத்து என்ன நடக்கும் என்று யூகிக்கலாம். பேரக் குழந்தையின் படத்துக்கு லைக் விழும். சாதி, மதம், அரசியல் என்று சீண்டும் பதிவுக்குக் கோப எமோஜியும் பத்து வரி பதிலடியும் விழும். இரண்டாவதுக்குத்தான் மதிப்பெண் அதிகம். கோப முகம் அதிகம் வாங்கும் பதிவுகளில் பொய்த் தகவலும் வெறுப்பும் அதிகம் என்று அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே 2019-ல் கண்டறிந்தார்கள். கடைசியில் 2020 செப்டம்பரில் கோப எமோஜியின் மதிப்பெண் பூஜ்யம் ஆக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான். கோபப்பட்டுத் திட்டியவரையும் ரசித்துப் பேசியவரையும் கணினி ஒரே பெயரில்தான் எழுதிக்கொள்கிறது: 'ஈடுபாடு உள்ளவர்'. ஒரு பதிவு பிடிக்காமல், 'இதெல்லாம் ஒரு பேச்சா?' என்று கமெண்ட் போடுபவர், அந்தப் பதிவை இன்னும் நாலு பேருக்குக் கொண்டுபோக உதவுகிறார்.

நெட்ஃப்ளிக்ஸில் 'ஹிட்' ஆவது எப்படி?

திரையரங்கில் டிக்கெட் எண்ணிக்கை இருக்கிறது. ஓடிடியில் அதுவும் கிடையாது. நெட்ஃப்ளிக்ஸ் மட்டுமே சில ஆண்டுகளில் மூன்று அளவுகோல்களை மாற்றியிருக்கிறது. முதலில், ஒரு படத்தில் 70 சதவீதம் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. 2020 தொடக்கத்திலிருந்து 2 நிமிடம் பார்த்தாலே போதும் என்றார்கள். 2021 இறுதியில் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று மாற்றினார்கள். 2023 ஜூனில், மொத்தப் பார்வை நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து வருவதே வியூ என்றார்கள்.

இந்தக் கடைசி முறையில் 1.5 மணி நேரப் படம் 3 கோடி மணி நேரம் ஓடினால் அது 2 கோடி வியூஸ். 10 மணி நேரத் தொடர் அதே 3 கோடி மணி நேரம் ஓடினால் 30 லட்சம் வியூஸ். இது முந்தைய முறையை விட நியாயமானது. ஆனால் 10 மணி நேரத் தொடரை 10 பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வெறுத்துப்போய் நிறுத்தினாலும், ஒருவரே உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாலும், கணக்கில் இரண்டும் 1 வியூதான்.

நேரலைக்கு இன்னொரு சிக்கல். 2023 நவம்பர் 19-ல் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்ததாக அறிவிக்கப்பட்டது. துல்லியமாகச் சொன்னால் அது 5.9 கோடி இணைப்புகள். டீக்கடை டிவியில் ஓடும் ஒரு இணைப்பின் முன்னால் 20 பேர் நிற்கலாம். ஃபோனில் மேட்சை ஓடவிட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பவரும் அதில் ஒருவர்.

கடைக்காரர் ஏமாறும் இடம்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடை இன்ஸ்டாகிராம் பிரபலம் ஒருவருக்குப் பணம் கொடுத்து விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரபலத்துக்கு 1 லட்சம் ஃபாலோயர்கள். பதிவு 20,000 பேர் திரைக்குப் போனது. லைக், கமெண்ட், ஷேர் எல்லாம் சேர்த்து 1,000.

'என்கேஜ்மென்ட் ரேட் எவ்வளவு?' என்று கேட்டால் இரண்டு பதில்களும் சரி. ஃபாலோயர்களால் வகுத்தால் 1 சதவீதம். பார்த்தவர்களால் வகுத்தால் 5 சதவீதம். விற்பவர் எதைச் சொல்வார் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஒப்பந்தம் போடும் முன் எதால் வகுத்தீர்கள் என்று கேட்பது முதல் வேலை. கடையைத் தேடி வந்தவர்கள், ஃபோன் செய்து விலை கேட்டவர்கள் எத்தனை பேர் என்று தனியாகக் குறித்துவைப்பது இரண்டாவது வேலை. அந்த எண் மட்டும்தான் கடைக்காரர் கையால் எண்ணியது.

'நான் அவ்வளவா ஃபோன் பார்க்கிறதில்லை'

நிறுவனங்களின் எண்ணை நம்ப முடியாவிட்டால், மக்களையே கேட்டால் என்ன? அதுவும் சரிவரவில்லை.

'ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஃபோன் பார்ப்பீங்க?' என்றால், 'என்ன, ஒரு ரெண்டு மணி நேரம் இருக்கும்' என்று பதில் வரும். ஃபோனின் செட்டிங்ஸில் உள்ள பதிவைத் திறந்தால் வேறு கதை. 2021-ல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் டக்ளஸ் பாரி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மக்கள் தாமாகச் சொல்லும் நேரத்துக்கும் கருவி பதிவுசெய்த நேரத்துக்கும் பொருத்தம் ஓரளவுதான் என்று அது முடிவு செய்தது. சிலர் கூட்டிச் சொல்கிறார்கள், சிலர் குறைத்துச் சொல்கிறார்கள். ஃபோன் பழக்கம் பற்றி வந்த எத்தனையோ ஆய்வுகள் இப்படிக் கேட்டு வாங்கிய பதில்களின் மேல் கட்டப்பட்டவை என்பதுதான் இதில் சங்கடம்.

இளம் வயதினரின் மனநலத்துக்கும் டிஜிட்டல் பயன்பாட்டுக்கும் உள்ள தொடர்பை ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ பிரிபில்ஸ்கி ஆகியோர் 2019-ல் ஆராய்ந்தார்கள். 3.5 லட்சத்துக்கும் அதிகமான பதின்வயதினரின் தரவு அது. மனநலத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது. 'அப்ப ஃபோனால ஒண்ணும் ஆகாது' என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எல்லாப் பிள்ளைகளையும், எல்லாப் பயன்பாட்டையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால், உண்மையிலேயே தவிக்கும் பிள்ளை அந்தச் சராசரிக்குள் மறைந்துபோகும். மணி நேரம் என்ற அளவுகோல் அதற்குப் போதாது.

நம்மைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். வாடகை கார் ஓட்டுநரின் ஃபோன் திரை நாள் முழுக்க எரியும்; அவர் வரைபடம் பார்க்கிறார். துபாயில் இருக்கும் பேரனோடு பாட்டி தினமும் ஒரு மணி நேரம் வீடியோ காலில் பேசுவார். இன்னொருவர் ஒரு மணி நேரம்தான் ஃபோன் எடுக்கிறார். அது நள்ளிரவில், சம்பளப் பணத்தை வைத்து ஆடும் ரம்மி. மணிக்கணக்கின்படி மூவரில் ஓட்டுநர்தான் 'அடிமை'.

அடிமைத்தனத்தை எப்படி அளக்கிறார்கள்?

இந்தச் சிக்கலை மருத்துவ உலகம் வேறு விதமாக அணுகுகிறது. அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1990-களிலேயே இணையப் பழக்கத்தை அளக்கக் கேள்விப்பட்டியல் தயாரித்தார். அவருடைய 20 கேள்விகள் கொண்ட தேர்வு பல நாடுகளில் பயன்படுகிறது.

2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் கோளாறு' இடம்பெற்றுள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது. சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும் விட விளையாட்டு முக்கியமாகிப் போவது. கெடுதல் வந்த பிறகும் விடாமல் தொடர்வது. பொதுவாக 12 மாதமாவது இது நீடித்திருக்க வேண்டும். வாழ்க்கையில் கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும். 'ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்' என்று அதில் எங்குமே இல்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தொழில்நுட்பப் பயன்பாட்டுக் கோளாறுகளுக்கென்றே 'ஷட்' என்ற சிறப்பு கிளினிக் 2014 முதல் இயங்குகிறது. பழக்கம் எப்போது நோயாகிறது என்பதை, இழந்தது என்ன என்று கேட்டுத்தான் மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்.

கடிகாரத்தை வைத்து எழுதிய தமிழ்நாட்டு விதி

ஆனால் அரசுக்கு அந்த வசதி கிடையாது. கோடிக்கணக்கானோரை உட்கார வைத்துக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே கையில் இருக்கும் அளவுகோலான கடிகாரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

தமிழ்நாடு அதைத்தான் செய்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்காகத் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகளைக் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடை. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழைய முடியாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், அதன் பிறகு 30 நிமிடத்துக்கு ஒரு முறை எச்சரிக்கை வர வேண்டும். விளையாட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஜூன் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிறகு ஆகஸ்ட்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

தமிழ்நாட்டு விதியில் ஒரு நுணுக்கம் இருந்தது. மொத்தம் எத்தனை மணி நேரம் என்று மட்டும் அது பார்க்கவில்லை. எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் தொடர்ச்சியாக என்றும் பார்த்தது. பகலில் ஆடும் ஒரு மணி நேரமும் நள்ளிரவு 2 மணிக்கு ஆடும் ஒரு மணி நேரமும் ஒன்றல்ல என்பதை அது ஏற்றுக்கொண்டது.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. அவர்களை அளக்கவே செய்யலாமா? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. ஈடுபாட்டை அளப்பது என்பதே ஒருவகைக் கண்காணிப்புதான் என்பதைச் சட்டம் ஒத்துக்கொண்ட இடம் இது.

அப்படியானால் எந்த எண்ணை நம்புவது?

எண்களே பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. அளக்காமல் விட்டால் தவறும் தெரியாது. ஃபேஸ்புக்கின் கோப எமோஜி பிரச்சினையைக் கண்டுபிடித்ததும் அளவீடுதான். ஆனால் எந்த எண் கண்ணில் பட்டாலும் நான்கு கேள்விகள் கேட்கலாம். ஒன்று என்று எதை எண்ணினார்கள்? எதால் வகுத்தார்கள்? எண்ணியவருக்கு அந்த எண் கூடினால் லாபமா? போன வருடமும் இதே முறையில்தான் எண்ணினார்களா?

வீட்டுக்கும் இதே போல ஒரு கணக்கு போடலாம். 'எத்தனை மணி நேரம் ஃபோன் பார்த்தே?' என்று பிள்ளையிடம் கேட்டால் சண்டைதான் வரும். வைக்கச் சொன்னால் வைக்க முடிகிறதா, தூக்கம் குறைகிறதா, முன்பு பிடித்த விளையாட்டு இப்போதும் பிடிக்கிறதா, பார்த்து முடித்ததும் முகம் தெளிவாக இருக்கிறதா என்று கவனிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடையாளங்களின் சாரமும் ஏறக்குறைய இதுதான். அதே கேள்விகளைப் பெரியவர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் சர்வருக்குத் தெரிவது, திரை எத்தனை விநாடி எரிந்தது என்பது மட்டும்தான். சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போனதும், பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை கூப்பிட்டதும் அதன் கணக்கில் வராது. அந்தக் கணக்கை வீட்டில் இருப்பவர்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.